டரட்: சுழல்வதும் நிற்பதும் சந்திக்கும் இடம்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 'டரட்' என்றால், டாங்கியின் மேலே பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கவசக் கூண்டு. கோவையின் லேத் பட்டறைகளில் அதே சொல், பல வெட்டுக் கருவிகளைத் தன்மேல் பொருத்திக்கொண்டு, வேண்டிய கருவியை வேண்டிய நேரத்தில் முன்னால் திருப்பித் தரும் எஃகுத் தலையைக் குறிக்கும். நுண்ணோக்கியில் லென்சுகளைத் தாங்கும் வட்டத் தட்டுக்கும், துப்பாக்கியின் குறிநோக்கியில் உள்ள திருகுக் குமிழுக்கும், பங்குவணிக நிறுவனங்களில் வணிகர்களின் மேசைமீது இருக்கும் பல இணைப்புத் தொலைபேசிக்கும்கூட இந்தப் பெயர் வழங்குகிறது. இவை அனைத்துக்கும் முன்னோடியான ஐரோப்பியக் கோட்டைச் சுவரின் சிறுகோபுரமோ நூற்றாண்டுகளாக அசையாமல் நிற்பது. அசையாத ஒன்றின் பெயர் அசைவதற்கே உரியதாக மாறிய வரலாற்றையும், அப்படி மாறியபோது பொறியாளர்களுக்கு நேர்ந்த ஒரே விதமான தலைவலியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இச்சொல்லின் பரப்பு விளங்கும்.

இலத்தீனில் 'துர்ரிஸ்' என்பது கோபுரம். அதிலிருந்து வந்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் குறுமை வடிவமே ஆங்கிலத்தில் டரட் ஆயிற்று. கட்டடக்கலையில் அது பெரும்பாலும் தரையிலிருந்து எழுவதில்லை. நம் கோட்டைகளின் கொத்தளம் அடித்தளத்திலிருந்தே சுவரோடு சேர்ந்து வளர்வது. டரட்டோ சுவரின் பாதி உயரத்திலோ மூலையின் உச்சியிலோ கல் தாங்கிகளின்மேல் வெளியே பிதுங்கி நிற்பது. அந்தப் பிதுக்கத்துக்குக் காரணம் அழகு மட்டுமன்று. சுவருக்குப் பின்னால் நிற்கும் காவலன் தலையை வெளியே நீட்டாமல் சுவரின் அடிப்பகுதியைப் பார்க்க முடியாது. பிதுங்கிய சிறுகோபுரத்தில் நின்றால் சுவரை ஒட்டியவாறே இருபுறமும் பார்க்கவும் அம்பெய்யவும் முடியும்.

இந்த வரையறை எப்போதும் கறாராகப் பின்பற்றப்பட்டதும் இல்லை. வட இங்கிலாந்தில் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரில், ஒரு ரோமானிய மைலுக்கு ஒன்றாக அமைந்த சிறு கோட்டைகளுக்கு இடையே இவ்விரண்டு காவல் கோபுரங்கள் உண்டு. தரையிலிருந்தே எழும் அவற்றையும் தொல்லியலாளர்கள் டரட் என்றே அழைக்கின்றனர். இலண்டன் கோபுரத்தின் நடுவிலுள்ள வெள்ளைக் கோபுரத்துக்கு நான்கு மூலைகளிலும் டரட்டுகள் இருக்கின்றன. மூன்று சதுரம், வடகிழக்கில் உள்ள ஒன்று மட்டும் வட்டம், ஏனெனில் அதற்குள் சுழற்படிக்கட்டு ஏறுகிறது. கிரீனிச் வானாய்வகம் கட்டி முடிக்கப்படுவதற்கு முன், 1675-இல், ஜான் ஃபிளாம்ஸ்டீட் தம் கருவிகளை அந்த வட்டக் கோபுரத்தில்தான் வைத்து வானத்தைப் பார்த்தார். கோபுரத்தில் பொருத்தப்படும் பெரிய பொதுக் கடிகாரங்களுக்கு ஆங்கிலக் கடிகாரத் தொழிலில் 'டரட் கடிகாரம்' என்று பெயர். 1859-இல் ஓடத் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் கடிகாரமும் அந்த வகையே.

நிற்கும் டரட்டின் வழிவந்த இன்னொரு பொருள் இன்று ஏறக்குறைய மறந்தே போய்விட்டது. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் டாக்ஸ்ஃபோர்டு நிறுவனம் 1892 முதல் கட்டிய சரக்குக் கப்பல்களின் உடல், நீர்மட்டத்துக்கு மேலே உள்நோக்கி வளைந்து குறுகி, நடுவில் ஒடுங்கிய மேல்தளமாக உயர்ந்து நிற்கும். இவற்றுக்கு டரட் கப்பல்கள் என்று பெயர். மேல்தளம் குறுகலாக இருந்ததால் சூயஸ் கால்வாய்க் கட்டணக் கணக்கில் அவை ஆதாயம் பெற்றன. இந்தியப் பெருங்கடல் வழித்தடங்களில் சரக்கேற்றிய கிளான் லைன் நிறுவனம் மட்டும் 30 கப்பல்களை வாங்கியது. கட்டணத்தை மிச்சப்படுத்திய வடிவம் கப்பலின் சமநிலையைக் காக்கவில்லை. 1909 ஜனவரி 31 அன்று 'கிளான் ரனால்டு' தென் ஆஸ்திரேலியக் கரையோரம் கவிழ்ந்ததில் 64 பேரில் 40 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிய மாலுமிகள்.

டரட் சுழலத் தொடங்கியது போர்க்கப்பலில். பாய்மரக் காலத்துக் கப்பலில் பீரங்கிகள் பக்கவாட்டில் வரிசையாக நின்றன. குறியை மாற்ற வேண்டுமென்றால் கப்பலையே திருப்ப வேண்டும். கிரீமியப் போரில் 1855-இல் ஒரு மிதவையின்மேல் பீரங்கியை ஏற்றிப் பயன்படுத்திய பிரித்தானியக் கடற்படை அதிகாரி கூப்பர் கோல்ஸ், அந்த அனுபவத்திலிருந்து சுழலும் கவசக் கூண்டு ஒன்றை வரைந்து 1859-இல் காப்புரிமை பெற்றார். அட்லாண்டிக்கின் மறுகரையில் ஸ்வீடனில் பிறந்த ஜான் எரிக்சன் தனியே அதே எண்ணத்துக்கு வந்து, 1862 ஜனவரியில் நீரில் இறக்கப்பட்ட 'மானிட்டர்' கப்பலில் அதை நடைமுறைப்படுத்தினார். உள்விட்டம் 20 அடி, உயரம் 9 அடி, ஓரங்குலத் தகடுகள் எட்டு அடுக்காகச் சேர்ந்த சுவர், உள்ளே 11 அங்குலப் பீரங்கிகள் இரண்டு. கப்பல் எந்தத் திசையில் சென்றாலும் பீரங்கி வேறொரு திசையை நோக்கலாம். எரிக்சனின் கண்டுபிடிப்பு முழுவதும் இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்.

ஆனால் உடலின் திசையையும் வேலையின் திசையையும் பிரித்த அந்தக் கணத்திலேயே ஒரு மூட்டு உண்டாகிவிட்டது. திரும்பும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையே கட்டளை செல்ல வேண்டும், குண்டு செல்ல வேண்டும், விசை செல்ல வேண்டும். தீ மட்டும் செல்லக் கூடாது. டரட் என்ற பெயரைச் சூடிய எல்லா இயந்திரங்களின் கதையும் என் பார்வையில் இந்த மூட்டின் கதைதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச் 9 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸில் தென்னகக் கூட்டமைப்பின் கப்பலான 'வர்ஜீனியா'வோடு நடந்த சண்டையில் மானிட்டரின் டரட் அத்தனை குறைகளையும் ஒரே நாளில் காட்டிவிட்டது. நீராவிப் பொறியால் சுழன்ற கூண்டைத் தொடங்குவதும் கடினம், தொடங்கிய பின் சரியான இடத்தில் நிறுத்துவது அதைவிடக் கடினம்; எனவே குறி கண்ணில் பட்டபோது, சுழற்சியை நிறுத்தாமலேயே சுட்டார்கள். கப்பலைச் செலுத்துவோர் இருந்த கூண்டிலிருந்து டரட்டுக்குச் சென்ற பேச்சுக் குழாய் பழுதாகிவிட, இருவர் ஓடியோடிக் கட்டளைகளை வாய்மொழியாகச் சுமந்தனர். உள்ளே இருப்பவர்களுக்குக் கப்பலின் முன்புறம் எது, பின்புறம் எது என்று காட்டத் தளத்தில் இட்டிருந்த வெள்ளைக் குறிகள் காலடியில் அழிந்துபோயின. டரட்டின் தரையிலுள்ள திறப்பும் கப்பல் தளத்திலுள்ள திறப்பும் நேருக்கு நேர் வந்தால்தான் கீழிருந்து குண்டு ஏற்ற முடியும் என்பதால், மேலே இருந்தவை தீர்ந்தபோது கப்பல் சண்டையை விட்டுச் சற்று விலகிச் சென்று குண்டு ஏற்றிக்கொண்டு திரும்பியது. ஏறக்குறைய நான்கு மணி நேரச் சண்டைக்குப் பிறகும் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆயினும் உலகக் கடற்படைகள் அதன்பின் பழைய வடிவத்துக்குத் திரும்ப விரும்பவில்லை.

கோல்ஸின் முடிவு துயரமானது. சுழலும் பீரங்கிக்குச் சுற்றிலும் திறந்த வெளி வேண்டும். பாய்மரங்களும் கயிறுகளும் அந்த வெளியை அடைப்பவை. இரண்டையும் ஒரே கப்பலில் வைத்தே தீருவேன் என்று நின்ற அவர் வடிவமைத்த 'கேப்டன்', திட்டமிட்டதைவிட எடை கூடி நீரில் ஆழ அமிழ்ந்து மிதந்தது. 1870 செப்டம்பரில் ஸ்பெயினின் பினிஸ்டெர் முனைக்கு அப்பால் வீசிய புயலில் அது கவிழ்ந்து, கோல்ஸ் உட்படச் சுமார் 480 பேர் இறந்தனர். பிழைத்தவர்கள் 18 பேர். பாய்மரத்தையே விட்டொழித்த 'டெவஸ்டேஷன்' அதற்கடுத்த ஆண்டில் நீரில் இறங்கியது. அந்தத் தலைமுறையின் சிறு டரட் கப்பல்கள் இரண்டு, 'மக்தாலா', 'அபிசீனியா' என்ற பெயர்களில், பம்பாய்த் துறைமுகத்தின் காவலுக்கென்றே கட்டப்பட்டு 1900களின் தொடக்கம் வரை அங்கேயே நின்றன. சென்னைவாசிகளுக்கு நன்கு தெரிந்த எம்டனில் டரட் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்: 1914 செப்டம்பர் 22 இரவு எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த அதன் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்தும் தனித்தனிப் பீடங்களில், முன்னால் ஒரு கேடயத் தகடு மட்டும் கொண்டு நின்றவை.

பெரிய கப்பல்களின் டரட்டில் கண்ணுக்குத் தெரிவது உச்சி மட்டுமே. அதற்கடியில் பல தளங்களின் ஆழத்துக்குக் குண்டு ஏற்றும் தூக்கிகளும் பணியறைகளும் வெடிமருந்துக் கிடங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிச் செல்கின்றன. மானிட்டர் காலத்தில் குண்டை ஏற்றுவதற்குப் போராடிய பொறியாளர்கள் ஐம்பது ஆண்டுகளில் அதை வேகமாக ஏற்றும் வழியைக் கண்டுபிடித்தனர். வேகமான அந்த வழியே தீக்கும் வழியாயிற்று. 1915 ஜனவரியில் டாகர் பேங்க் சண்டையில் ஜெர்மனியின் 'சைட்லிட்ஸ்' கப்பலின் பின்புற டரட்டில் பற்றிய தீ, கீழேயுள்ள அறை வழியாக அடுத்த டரட்டுக்கும் தாவி 150-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஜெர்மானியர் உடனே தம் நடைமுறையைத் திருத்தினர். பிரித்தானியரோ விரைந்து சுட வேண்டும் என்ற ஆவலில் கிடங்குக் கதவுகளைத் திறந்து வைத்து, வெடிமருந்துப் பைகளை வழியிலேயே அடுக்கி வைத்திருந்தனர். 1916 மே 31 அன்று ஜட்லாந்துக் கடற்போரில் அவர்களுடைய போர்க்குரூசர்கள் மூன்று வெடித்துச் சிதறி 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'லயன்' கப்பல் அதே கதியிலிருந்து தப்பியது எப்படியென்றால், நடு டரட்டில் படுகாயமுற்றுக் கிடந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி, சாவதற்கு முன் கிடங்கை நீரால் நிரப்பும்படி கட்டளையிட்டார். விக்டோரியா சிலுவை அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது.

இத்தனை எடையும் கப்பலோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பிணைக்கப்படவே இல்லை என்பதுதான் விடை. உருளைகளின் வட்டப் பாதைமேல் அது தன் சொந்தக் கனத்தால் அமர்ந்திருந்தது. 1989-இல் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்ட 'பிஸ்மார்க்' கப்பலின் உடலில் பெரிய டரட்டுகள் நான்கும் இல்லை. கப்பல் கவிழ்ந்தபோது அவை தாமாகவே கழன்று விழுந்துவிட்டன. 1862-இன் கடைசி நாளில் ஹாட்டெராஸ் முனைக்கு அப்பால் மூழ்கிய மானிட்டரின் டரட்டும் அப்படியே பிரிந்து, தலைகீழாகக் கிடந்த கப்பலுடலின் அடியில் கிடைத்தது. 2002 ஆகஸ்டில் அதை மேலே தூக்கியபோது உள்ளே இரு மாலுமிகளின் எலும்புக்கூடுகள் இருந்தன. அவர்கள் யாரென்று உறுதிசெய்ய முடியாத நிலையில் 2013-இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் புதைக்கப்பட்டனர்.

டாங்கிக்கு வந்தால் அதே மூட்டு அங்குலக் கணக்கில் நெருக்குகிறது. 1916-இல் போர்க்களத்துக்கு வந்த முதல் பிரித்தானிய டாங்கிகளில் பீரங்கி பக்கவாட்டுப் பெட்டிகளில் இருந்தது. இன்று நாம் டாங்கி என்றதும் நினைக்கும் வடிவத்தை, முழு வட்டமும் சுழலும் ஒற்றை டரட்டோடு, 1917-இன் பிரெஞ்சு 'ரெனோ எஃப்.டி.' நிலைநாட்டியது. டரட் உடலில் அமரும் வளையத்தின் விட்டமே எவ்வளவு பெரிய பீரங்கியை ஏற்றலாம், எத்தனை பேர் உள்ளே உட்காரலாம் என்பதை முடிவு செய்கிறது. 1940-இன் பிரெஞ்சு டாங்கிகளில் கவசம் தடிமனாக இருந்தும் டரட்டில் ஒருவருக்கே இடம். அந்த ஒருவர் களத்தைக் கவனித்து, பீரங்கியில் குண்டிட்டு, குறிபார்த்துச் சுட்டு, ஓட்டுநருக்கும் கட்டளையிட வேண்டும். ஜெர்மானிய 'பான்சர் 3' மூவருக்கு இடம் கொடுத்து, தலைவரைக் கவனிப்பதற்கென்றே விட்டுவைத்தது. சோவியத் 'டி-34' இரண்டு பேருக்கான டரட்டோடு போருக்குள் நுழைந்து, வளையத்தை ஏறத்தாழ 1,420 மில்லிமீட்டரிலிருந்து 1,600 மில்லிமீட்டராக அகட்டிய பிறகே, 1944-இல் 85 மில்லிமீட்டர் பீரங்கியையும் மூன்றாவது ஆளையும் ஏற்றிக்கொண்டது. ஒரு சாண்கூட இல்லாத அந்த வேறுபாட்டுக்காக டரட்டையே புதிதாக வார்க்க வேண்டியிருந்தது.

ஆவடி, டாங்கி வடிவமைப்பின் இரு மரபுகளையும் பார்த்த இடம். 1965-இல் அங்கிருந்து வெளிவந்த 'விஜயந்தா' பிரித்தானிய வடிவம். டரட்டில் மூவர், அவர்களில் ஒருவரின் வேலை கையால் குண்டிடுவது. பின்னர் அங்கே தயாரான 'டி-72' சோவியத் வழி: குண்டிடும் ஆளை நீக்கி, டரட்டின் தரைக்கடியில் 22 குண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்ட தானியங்கிச் சுழல்தட்டை வைத்தது. ஆள் குறைந்ததால் டாங்கி தாழ்வாகவும் இலகுவாகவும் ஆயிற்று. அதன் விலை, ஊடுருவிய குண்டு அந்தச் சுழல்தட்டைத் தொட்டால் வெடிமருந்து முழுதும் ஒருசேரப் பற்றி, டரட்டையே தூக்கி எறிந்துவிடும் என்பது. உக்ரைன் போரின் படங்களில் உடலை விட்டுப் பல மீட்டர் தள்ளிக் கிடக்கும் டரட்டுகளை 2022 முதல் உலகமே பார்த்திருக்கிறது. ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த 'அர்ஜுன்' மீண்டும் நால்வர் குழுவையும் கையால் குண்டிடுபவரையும் தேர்ந்தது. எடை கூடியது என்று அதன்மேல் சொல்லப்படும் குறையை இந்தத் தேர்விலிருந்து பிரித்துப் பார்ப்பது நியாயமாகாது.

வானூர்திகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் வயிற்றில் தொங்கிய ஸ்பெரி கோள டரட்டுக்குள் சுடுபவர் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார். துப்பாக்கிகள் நேர்கீழாக நோக்கும்போது மட்டுமே அதன் கதவு விமானத்தின் உட்புறத்துக்கு நேராக வரும். விசை அறுந்தால் கைப்பிடியைச் சுற்றித்தான் அவரை மீட்க வேண்டும். மானிட்டரின் குண்டுத் திறப்பில் இருந்த அதே சிக்கல், இம்முறை ஆளின் உயிரோடு.

பட்டறை டரட் போர்க்கப்பலுக்கு மூத்தது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஸ்டீபன் ஃபிட்ச் என்பவர் 1845-இல், கைத்துப்பாக்கிகளுக்குத் தேவையான திருகாணிகளை மொத்தமாகச் செய்வதற்கு, எட்டுக் கருவிகளை ஏந்திக் கையால் திருப்பப்படும் உருளை ஒன்றை லேத்தில் பொருத்தினார். சாதாரண லேத்தில் துளையிட ஒரு கருவி, அகட்ட இன்னொன்று, மரையிட வேறொன்று என்று ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். நேரத்தின் பெரும்பகுதி வெட்டுவதில் போகாமல் மாட்டுவதில் போகும். எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அளந்து பொருத்திவிட்டால், அதன்பிறகு திருப்புவது மட்டுமே வேலை. கைதேர்ந்த ஒருவர் பொருத்திக் கொடுத்ததை அவ்வளவு பயிற்சியில்லாத ஒருவர் நாள் முழுதும் ஓட்டலாம் என்பதால், அது வேலையின் கூலி அமைப்பையும் சேர்த்தே மாற்றியது.

இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவர்கள் தேர்வுக்குத் தவறாமல் படித்துவைக்கும் கேப்ஸ்டன் லேத், டரட் லேத் வேறுபாடும் மூட்டைப் பற்றியதே. கேப்ஸ்டனில் அறுமுகத் தலை ஒரு சிறு நகர்பலகையின்மேல் உட்கார்ந்து நகர்வதால் விரைவு கூடும், ஆனால் நீட்டிய நிலையில் பலகை தொய்வதால் சிறு வேலைகளுக்கே பொருந்தும். டரட் லேத்தில் தலை நேரடியாகச் சேணத்தின்மேலேயே பொருந்தியிருப்பதால் மெதுவாக நகர்ந்தாலும் கனமான வெட்டைத் தாங்கும். இன்றைய கணினிவழி இயக்கப்படும் லேத்துகளில் எட்டு அல்லது பன்னிரண்டு நிலைகள் கொண்ட டரட் நொடிக்கும் குறைவான நேரத்தில் திரும்பி நிற்கிறது. நிற்பது என்றால், முன்பு நின்ற அதே இடத்தில் மைக்ரான் அளவுக்கு மாறாமல் நிற்பது. அதற்காகத் திரும்பும் தட்டிலும் நிலையான தட்டிலும் எதிரெதிரே பற்கள் வெட்டப்பட்டு, ஒவ்வொரு முறையும் அவை ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்கின்றன. தவறான கட்டளையால் கருவி சுழலும் பாகத்தில் மோதிவிட்டால், ஆபரேட்டர் முதலில் சோதிப்பது டரட் நேராக இருக்கிறதா என்பதைத்தான்.

லென்சு டரட்டுகளிலும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. நுண்ணோக்கியில் பொருள்வில்லைத் தட்டைத் திருப்பும்போது கேட்கும் 'டக்' ஒலி, லென்சு ஒளிப்பாதையின் மையத்தில் வந்து பூட்டிக்கொண்டதற்கான அடையாளம். திரைப்படப் படப்பிடிப்பில் 1912-இன் பெல் அண்டு ஹவல் கேமரா நான்கு லென்சுகளையும், 1937-இன் ஆரிஃபிளெக்ஸ் மூன்றையும் இவ்வாறு ஏந்தின. பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் அலைவரிசை மாற்றும் குமிழுக்குப் பின்னாலும் ஓர் உருளை இருந்தது. ஒவ்வோர் அலைவரிசைக்கும் உரிய கம்பிச்சுருள் அதில் தனித்தனிப் பட்டையாகப் பொருத்தப்பட்டிருக்க, திருப்பத் திருப்ப அடுத்தது வந்து தொடுமுனைகளில் அமரும். தொடுமுனைகளில் களிம்பேறினால் படம் புள்ளி புள்ளியாக மின்னும். வீட்டில் யாராவது எழுந்துபோய்க் குமிழை இரண்டு முறை இப்படியும் அப்படியும் அசைத்துவிட்டு வர வேண்டும்.

இந்தத் தலைவலியிலிருந்து விடுபட, மூட்டையே இல்லாமல் செய்துவிடும் முயற்சிகளும் நடந்தன. மின்னழுத்தத்தால் இசைவிக்கப்படும் டையோடு வந்ததும் தொலைக்காட்சியின் உருளை மறைந்தது. நல்ல ஜூம் லென்சு வந்ததும் படப்பிடிப்பிலிருந்து லென்சு டரட் ஒதுங்கியது. நேர்மேலாக ஏவப்படும் ஏவுகணைக்குத் திரும்ப வேண்டிய கூண்டே தேவையில்லை. டாங்கியில் மட்டும் அது இன்னும் கைகூடவில்லை. ஸ்வீடன் 1967-இல் சேவைக்குக் கொண்டுவந்த 'ஸ்டிரிட்ஸ்வாகன் 103' டரட்டே இல்லாத டாங்கி; பீரங்கி உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது, குறிபார்க்க வேண்டுமென்றால் சங்கிலிச் சக்கரங்களாலும் தாங்கு அமைப்பாலும் முழு வாகனத்தையே திருப்பி, உயர்த்தி, தாழ்த்த வேண்டும். தாழ்வான உருவம், தானியங்கிக் குண்டேற்றல், மூன்றே பேர் கொண்ட குழு என்று பல நன்மைகள் அதற்கு இருந்தன. ஆனால் பீரங்கி ஒரு திசையை நோக்கியிருக்க வாகனம் வேறு திசையில் ஓடும் வாய்ப்பு அதற்கு இல்லை. ஓடிக்கொண்டே துல்லியமாகச் சுடுவது மற்றப் படைகளில் வழக்கமாகிவிட்ட காலத்தில் இந்தக் குறை வளர்ந்துகொண்டே போயிற்று. 1990களில் ஸ்வீடன் அதைக் கைவிட்டு, ஜெர்மானிய 'லெப்பர்டு 2' வழிவந்த, மூவர் அமரும் டரட் கொண்ட டாங்கியை வாங்கியது.